மூன்றாம் இலைக்கு அடியில்

ஆடி மழை கொட்டும் கக்கட மாதம் பதினேழாம் தேதி மாலை கரும்பய்யா ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். மறுநாள் வீட்டுப் பின்புறத்து மத்து என்ற மருந்துச் செடியில் ஓர் இலைகூடப் பறிபடக் கூடாது.

குடகில் எந்தப் புருஷனும் இப்படி ஒரு முடிவை எடுத்ததில்லை. பதினெட்டாம் தேதிதான் அந்த இலைக்குள் பதினெட்டு மருந்தும் வந்து சேருகிற நாள். வீட்டுக்கு வீடு இலையைப் பறித்துக் கொதிக்க வைத்து, ஊதா நிறத்தில் இறங்கும் சாற்றில் பாயசம் வைப்பார்கள். அவர் மனைவி பூவம்மா பறிக்க இறங்கினால் செடி மொட்டையாகிவிடும்.

கீழ்க்கிளையின் மூன்றாம் இலைக்கு அடியில் ஒரு தாய் இருந்தாள். மிளகளவுப் பூச்சி. கேடயத்தைக் கவிழ்த்தது போன்ற முதுகு. வயிற்றுக்குக் கீழே கசகசா மணிகளாக முட்டைகள். பன்னிரண்டு நாளாக அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. எறும்பு வந்தால் முதுகைச் சாய்த்து வழி மறிப்பாள்.

கரும்பய்யாவும் ஏறக்குறைய நகரவில்லை. காப்பித் தோட்ட வேலை கிடந்தது கிடக்க, கொய்யா மரத்தில் குடையைக் கட்டி, கேமராவோடு சேற்றில் குப்புறப் படுத்திருந்தார். பளிச்சென்று அடிக்கும் வெளிச்சம் மென்மையாக விழ, ஃபிளாஷின் மேல் தயிர் டப்பாவை வெட்டிக் கவிழ்த்திருந்தார். பொடிப் பூச்சியைப் பெரிதாக்கும் மேக்ரோ லென்ஸ் காட்டும் தெளிவு ஒரு தலைமயிர் கனம்தான். பூச்சியின் கண் தெளிந்தால் மீசை மங்கும். மீசை தெளிந்தால் கண் மங்கும். காற்று வந்தால் இரண்டும் போயிற்று. இப்படி ஆயிரம் படம் எடுத்தவரிடம் ஒரு படம் மட்டும் இல்லை: குஞ்சு முட்டையின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் கணம். அன்று மாலை ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கண்கள். நாளை பொரித்துவிடும்.

மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பார்க்க வருவாள். போன வருஷம் ஒரு சிலந்தியைப் பார்க்க அவள் குனிந்தபோது, "நிழல் விழுது, தள்ளு" என்று சீறினார். சிலந்தி தாவிப் போய்விட்டது. மூன்று நாள் அவர் பேசவில்லை. அதற்குப் பிறகு பூவம்மா அவர் படமெடுக்கும் பக்கமே வரவில்லை. தன் கலையை அவள் புரிந்துகொண்டுவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அடுப்படியில் போய் நின்றார்.

"நாளைக்கு இலை நான் பறிச்சுட்டு வரேன், பூவி. நீ மழையில நனைய வேணாம்."

பூவம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "முப்பது வருஷமா நனைஞ்சேனே, அப்ப எல்லாம் வேற மழையா பெஞ்சுது?"

"வயசாகுதில்ல."

"யாருக்கு?"

அந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கிற அளவுக்கு அவர் அசடு இல்லை. நம் செடியில் பூசணம் பிடித்திருக்கிறது, பக்கத்துத் தோட்டத்துப் பெள்ளியப்பாவின் வேலியில் பறித்து வருகிறேன் என்றார்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்த வேலியில மருந்து அடிச்சிருக்காங்க. ஓடைக்கு அந்தாண்ட, மூங்கிலுக்குக் கீழ ஒரு புதர் இருக்கே, அந்த இலைதான் வாசனை. விடிஞ்சதும் கிளம்பிடுங்க. ஒரு கூடை வேணும்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்குமே ஒத்துக்கொண்டதில்லை. கரும்பய்யா தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டதில், அது அவருக்கு உறைக்கவில்லை. எட்டரைக்குத் திரும்பிவிடலாம், வெயில் கொஞ்சம் ஏறாமல் முட்டை பொரிக்காது என்று கணக்குப் போட்டார்.

ஓடை அவர் கணக்கைக் கேட்கவில்லை. மழைநீரில் மரப்பாலம் போயிருந்தது. மேட்டைச் சுற்றிக்கொண்டு போனார். கூடை நிறைந்தபோது காலில் ஏழு அட்டைகள். வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று.

வாசலிலேயே வாசனை வந்தது. அடுப்பில் பாயசம் ஊதா நிறமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பூவம்மா தேங்காய்ப்பாலை ஊற்றினாள்.

"இலை ஏது?"

"நம்ம செடிதான்."

கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். செடி மொட்டையாக நின்றது. கீழ்க்கிளையில் மட்டும் ஓர் இலையும் குறையவில்லை. மூன்றாம் இலையை மெல்லத் தூக்கினார். முட்டைகள் மூடி திறந்த குட்டிக் கிண்ணங்களாகக் காலியாக இருந்தன. தாயைச் சுற்றிக் குஞ்சுகள் நெருக்கியடித்து நின்றன.

எல்லாம் முடிந்திருந்தது.

சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சாப்பிட்டுக் கண் அசர்றப்ப எல்லாம் உங்க பூதக்கண்ணாடியை எடுத்துட்டுப் போய்ப் பார்ப்பேன். நேத்து மத்தியானமே முட்டையில கண்ணு செவந்துடுச்சு. நீங்க இருந்தா என்னைக் கிட்டச் சேர்க்க மாட்டீங்க. அதான் ஓடைக்கு அனுப்பினேன்."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். பூவம்மா கரண்டியை வைத்துவிட்டு அவர் காலில் ஒட்டியிருந்த அட்டைகளில் உப்பைத் தூவினாள். தூவிக்கொண்டே சொன்னாள். முதல் குஞ்சு தலையால் மூடியை முட்டி முட்டித் திறந்ததாம். வெளியே வந்ததும் கண்ணாடி மாதிரி இருந்ததாம், உள்ளே பச்சையாக ஏதோ ஓடியதாம். மொத்தம் இருபத்தாறு. கடைசிக் குஞ்சுக்குக் கால் சிக்கிக்கொண்டது. அது வெளியே வருகிற வரைக்கும் தாய் அசையவே இல்லை.

"நானும் அசையலை. மழை முதுகுல இறங்குறதுகூடத் தெரியலை."

அவள் முகத்தை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்து நெடுநாளாகியிருந்தது. அதில் ஏதோ இன்னும் ஈரமாகவே இருந்தது. ஆனாலும் படமெடுப்பவரின் மனசு கேட்கவில்லை.

"போன் கையிலதானே இருந்திருக்கும், பூவி. ஒரே ஒரு படமாவது எடுத்தியா?"

பூவம்மா கிண்ணத்தில் பாயசத்தை ஊற்றி, நெய்யும் தேனும் விட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"எதுக்குங்க? நான்தான் பார்த்துட்டேனே."