பெரியப்பா வீடு பத்தாவது

அரைகுறையாகப் படித்தவனிடம் கல்யாண வேலையைக் கொடுக்கக் கூடாது. கொடுத்த அம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். தாம்பரத்தில் எம்.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். பல இடங்களுக்குப் போய்த் திரும்பக் குறைந்த தூர வழி எது என்ற கணக்கைக் குவாண்டம் கணினி எப்படித் தீர்க்கும் என்பது என் செமினார் தலைப்பு. (நான் அதைப் பார்த்ததில்லை. பாடம் எடுத்த சாரும் பார்த்ததில்லை.) அக்காவின் கல்யாணப் பத்திரிகையைப் பத்து வீடுகளில் நேரில் கொடுக்க வேண்டும் என்றதும் கை பரபரத்தது.

"பத்து வீட்டுக்கு முப்பத்தாறு லட்சம் வரிசை இருக்கும்மா. குவாண்டம் கம்ப்யூட்டர்னா எல்லாத்தையும் ஒரே நேரத்துல பார்த்துடும்."

"அது எதையாவது பார்க்கட்டும். நீ சாயந்திரத்துக்குள்ள முடிச்சிட்டு வா," என்றார் அம்மா.

குவாண்டத்துக்கு எங்கே போவது? நண்பனின் பழைய கணினியிலேயே வழி கண்டுபிடித்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் தொடங்கி, மேடவாக்கம், கீழ்க்கட்டளை, பல்லாவரம் சுற்றி, கடைசியாகக் குரோம்பேட்டையில் பெரியப்பா வீடு. இரவல் ஸ்கூட்டரில் பெருமையாகக் கிளம்பினேன்.

அப்பாவின் அண்ணனுக்குத்தான் முதல் பத்திரிகை என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். (அதனால்தான் அம்மா எனக்குச் சொல்லவில்லை.) அப்பா இல்லாத வீடு, அக்காவின் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப் போக வேண்டியவரும் அவர்தான்.

நான் போய்ச் சேர்வதற்குள் மற்ற வீடுகளிலிருந்து அவருக்குப் போன் போயிருந்தது. கேட்டிலேயே நின்றிருந்தார்.

"தேதி, நேரம், சர்ச் எல்லாம் போன்லயே படிச்சிக் காமிச்சிட்டாங்க. நீ ஏம்பா வெயில்ல அலையற?"

பத்திரிகையை வாங்கவில்லை.

"பெரியப்பா, இதுதான் ஷார்ட்டஸ்ட் ரூட்," என்று உளறினேன்.

"உன் ரூட்ல நான் குறுக்க வரல," என்று கேட்டைச் சாத்திவிட்டார்.

வீட்டில் அம்மா அழுதார். பி.காம். படித்த அக்கா அழவில்லை. என் வழித்தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இதே சுத்தை எதிர்ப்பக்கமா சுத்தியிருந்தா எவ்ளோ தூரம்?"

"அதே தூரம்தான்."

"அப்போ யார் வீடு முதல்ல வந்திருக்கும்?"



அம்மா நேரில் போய்க் கெஞ்சியும் பெரியப்பா "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். கல்யாணத்தன்று ஆலய வாசலில் அக்கா தனியாகக் காத்துநிற்க, நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆட்டோ திரும்பும்போதும் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆராதனைக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வந்து இறங்கினார். என்னைப் பார்க்காமலே அக்காவிடம் கையை நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு மன்னித்துவிட்டார், மறக்கவில்லை. இன்றும் குடும்ப விருந்தில் பிரியாணி என் இலையருகே வரும்போதெல்லாம் எங்கிருந்தாவது அவர் குரல் கேட்கும்.

"தம்பிக்குக் கடைசியா வைங்கப்பா. தூரம் கம்மி."