மதிரூபனுக்கு ஒரு சம்பந்தம்

“மிஸ்ஸி, அந்த மதிரூபன் தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரி வாசலில் நின்று, கொழுந்து பறிக்கும் செல்வராணி கேட்டதும், நேர்ஸ் லதுஷாவுக்குக் குடித்த தேநீர் புரையேறியது. மதிரூபன் என்று ஒருவன் உலகத்திலேயே கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை அவளே இட்டுக்கட்டிய ஆள்.

தெமோதரைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் வலிப்பு வருகிற இளசுகள் இருந்தார்கள். மாத்திரை வாங்கத்தான் ஒருவரும் வருவதில்லை. வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்காதாம். போன மாதம் ஒரு பையன் வாயில் நுரையோடு கொழுந்து மலையில் விழுந்து கிடந்தான். அப்போதும் வீட்டார் “கால் வழுக்கிருச்சு” என்று சாதித்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த லதுஷா பேசிப் பார்த்தாள், படம் காட்டிப் பார்த்தாள். கடைசியில் வாலிபர் கூட்டத்தில் ஒரு கதையை அவிழ்த்துவிட்டாள். நமுனுகுலையில் மதிரூபன் என்று ஒருவன், அவனுக்கு வலிப்பு, மாத்திரையை ஒழுங்காக எடுத்தான், இப்போது கிரிக்கெட் டீமுக்கே கெப்டன். கதை நன்றாகவே எடுபட்டது.

“இன்னும் கட்டேல்லை அம்மா” என்று லதுஷா உளறினாள்.

“நமுனுகுலைல எந்த லயத்து வீடு? ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்துர்றோம்.”

“அங்க இல்லை. இப்ப கொழும்பில வேலை.”

“எந்தக் கடை? எங்க அண்ணன் மகனும் கொழும்புலதான்.”

“கடையை விட்டிட்டார். கட்டாருக்குப் போயிட்டார்.”

அதுதான் வினையாயிற்று. வலிப்பு விஷயம் உதிர்ந்துபோய், வெளிநாட்டு மாப்பிள்ளை என்ற செய்தி மட்டும் மறுநாள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோர் வாயிலும் புரண்டது. மத்தியானம் டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் மூன்று தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். செல்வராணி மடியில் வெற்றிலைத் தட்டே இருந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். லதுஷா நாலைந்துதான் சொல்லியிருப்பாள். மாத்திரை கேட்டு மட்டும் இன்னும் ஒருவரும் வந்தபாடில்லை.

உண்மையைச் சொன்னால் இனி அவள் சொல்லும் மருந்தை யார் நம்புவார்கள்? மாப்பிள்ளையின் மவுசைக் குறைக்க ஒரே வழிதான் இருந்தது.

“நல்லா யோசிச்சுச் செய்யுங்கோ அம்மா. அவருக்கு வலிப்பெல்லோ? நாளைக்கு உங்கட பிள்ளைதானே கஷ்டப்படும்.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. இந்தப் பேச்சை ஒழிக்கத்தான் கதையே சொன்னாள். ஆனால் பேச்சு வேலை செய்தது. இரண்டு தாய்மார் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு, செருப்பை மாட்டி நடையைக் கட்டினார்கள்.

செல்வராணி மட்டும் தட்டோடு அப்படியே இருந்தாள்.

“நீங்கள் போகேல்லையோ? அவருக்கு வலிப்பு வருத்தம் எண்டு சொன்னனானே.”

செல்வராணி எட்டி வாசலைப் பார்த்தாள். ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகே வாயைத் திறந்தாள்.

“அதனாலதான் மிஸ்ஸி அந்தப் பையனையே கேக்குறேன். எம் மகளுக்கும் அதேதான்; மாப்பிள்ளை அமையாட்டிப் போகட்டும், அந்த மாத்திரையையாவது குடுங்க.”