மோட்டார் போடாத காலை

திருவொற்றியூர்,
12-3-2007.

அன்பு மகன் நிலவனுக்குச் சித்தப்பா செங்குட்டுவன் எழுதுவது. இங்கே தண்ணீரைத் தவிர குறை ஒன்றுமில்லை. நீயும் மருமகளும் ஜெர்மனிக் குளிரைத் தாங்கி நலமாயிருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் நான் உனக்கு வாத்தியாராக இருந்தபோது, "சார், பாடப் புத்தகத்துல தப்பு இருந்தா நாமே திருத்தலாமா?" என்று என்னிடம் கேட்டாய். தாராளமாக என்றேன். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

உன் கல்யாணத்துக்கு வர முடியாத உன் சித்தி யசோதரா, நீ அனுப்பிய கல்யாண சிடியையாவது பார்த்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தாள். பர்மா பஜாரில் வாங்கிய எங்கள் டிவிடி பிளேயரோ, இந்த வகைப் படம் எனக்குத் தெரியாது என்றது. நான் அதை எழுதியதும் நீ, பல நாட்டு நண்பர்கள் கூடி எழுதியது, யாரும் திருத்தலாம், நகலெடுக்கலாம் என்று ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை இன்னொரு சிடியில் அனுப்பினாய். கம்பெனி சொல்லிக்கொடுத்ததை அழித்துவிட்டுப் பெட்டிக்குப் புதுப் பாடம் நடத்துவது போல என்று சித்திக்கு விளக்கிவிட்டு நேற்றுக் காலை அதைப் போட்டேன். திரையில், பாடம் எவ்வளவு ஏறியது என்று காட்டும் ஒரு கோடு நீளத் தொடங்கியது. அது முடிவதற்குள் கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும் என்று எழுதியிருந்தாயல்லவா, அந்த நேரம் பார்த்து மெட்ரோ தண்ணீர் வந்துவிட்டது. மோட்டார் போட்டால் ப்யூஸ் போவது எங்கள் காம்பவுண்டின் வழக்கம். ஓடிப்போய் மோட்டார் சுவிட்ச்சை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா சார், தண்ணி வந்துகினு கீது, நீ குறுக்க நிக்கிற?" என்றாள் பக்கத்துப் போர்ஷன் கோவிந்தம்மா.

"பெட்டிக்குப் பாடம் ஏறுதும்மா."

"பள்ளிக்கூடத்துல ஏத்துனது பத்தலியா? நவுரு சார்!"

"நம்ம நிலவன் கல்யாணம்க்கா. நான் இன்னும் பாக்கல," என்றாள் யசோதரா.

"கண்ணாலமா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

காம்பவுண்டு முழுவதும் காலிக் குடங்களோடு எங்கள் கூடத்துக்கு வந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசி விரற்கடையில் கோடு நின்றுவிட்டது. "இன்னாமா பேஜார் பண்ணுது! போ, நைனா, போ!" என்று எதிர்ப் போர்ஷன் ரஹீமுன்னிசா அதட்டிய பிறகே நகர்ந்தது. கோடு முடிந்தது, குழாயில் தண்ணீரும் முடிந்தது. படம் ஓடியது. நீ மாலையைத் தலைகீழாகப் பிடித்த இடத்தில் சித்தி சிரித்துக்கொண்டே அழுதாள். ஒருவரும் நகரவில்லை. படம் முடிந்ததும் எல்லாருக்கும் தண்ணீர் ஞாபகம் வந்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்று நான் குளிக்கவில்லை. ஆகையால், மகனே, இனி இந்த வீட்டுக்குப் புதுப் பாடம் எதுவும் அனுப்பாதே.

சண்டை போட்டாலும் சேர்ந்தே சாப்பிட உங்கள் இருவரையும் வாழ்த்தும்,
சித்தப்பா.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கோவிந்தம்மா தன் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், பின்னாலேயே ரஹீமுன்னிசா. அதே கடை, அதே மாடல். "எங்கூட்டுக்காரர் துபாய்லேர்ந்து அனுப்ன படமும் இப்டித்தான் சார் ஓட மாட்டேன்து!" என்றாள் ரஹீமுன்னிசா. ஆகையால் மேலே எழுதியதை அடித்துவிட்டு, இன்னும் வேகமாக ஏறுகிற பாடமாகப் பார்த்து அனுப்பு. அதற்குமுன் ஒன்று செய்: உன் பெட்டியில் அதைப் போட்டவுடன் குழாயடியில் ஒரு வாளியை வைத்துத் திறந்துவிடு. வாளி நிரம்புமுன் கோடு நிரம்புகிறதா என்று பார்.