ஆயுதமில்லாத ரோபோவும் அடுத்த கட்டிலும்

பெங்களூரில் ஆட்டோவின் பின்னிருக்கையில் ஹெல்மெட் அணிந்து பயணம் செய்த ஒரே மனிதப் பிறவி, தகரம் என்று நாங்கள் அழைத்த என் தோழிதான் என்று எந்த நீதிமன்றத்திலும் நான் சத்தியம் செய்வேன். அவள் பக்கத்தில் வெட்கத்தோடு உட்கார்ந்து போனவள் நான். கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு வந்த டிரைவர், சிக்னலில் பொறுக்க முடியாமல் திரும்பினார்.

"இன்னா மேடம், நம்ம மேல நம்பிக்க இல்லியா?"

"உங்க மேல இருக்குண்ணா. பின்னாடி வர்ற லாரி மேலதான் இல்ல."

அதன்பின் அவர் பின்னால் வரும் லாரிகளையே கவனித்து ஓட்டியதால், முன்னால் நின்ற தக்காளி வண்டியில் போய் மோதினோம். "பாத்தீங்களா?" என்று ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினாள் தகரம்.

இது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில். ஆஸ்டின் டவுனில் வேலைபார்க்கும் பெண்களுக்கான ஒரு விடுதியில் நாங்கள் இருந்தோம். கண்ணாடிப் பாத்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. பாத்திரங்கள் உடையாமல் ஊர்போய்ச் சேர்வதற்கான அட்டைப்பெட்டிகளை வடிவமைக்க வேண்டும். வேலை முடிந்தும் அந்த வேலை அவளை விடவில்லை. உலகில் உள்ள அனைத்தும் உடையக்கூடியவை என்பது அவளுடைய சித்தாந்தம்.

துபாயில் இருந்த அவள் அண்ணன் ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். விடுதிக்கூடத்து டிவியில் அதை மாட்டினாள். மாடி வீட்டு உயரமுள்ள ரோபோக்கள் மோதிக்கொள்ளும் விளையாட்டு அது. மோதுவதற்கு முன் அவரவர் ரோபோவை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். கால், கை, மார்பு, பீரங்கி, வாள் என்று ஒரு பட்டறையே திரையில் விரியும்; விரும்பியதை எடுத்துப் பூட்டலாம். ஒரே நிபந்தனை, மொத்த எடை ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது.

எல்லாரும் பீரங்கியைத்தான் முதலில் எடுப்பார்கள். இவள் எடுத்ததெல்லாம் இரும்புத் தகடு. நெஞ்சுக்குத் தகடு, முதுகுக்குத் தகடு, அந்தத் தகட்டுக்கு மேல் இன்னொரு தகடு. ஆயுதத்துக்கு எடை மிச்சமில்லை. வெறுங்கையோடு களத்தின் நடுவில் போய் மின்வாரியக் கம்பம்போல நிற்கும் அவளுடைய ரோபோ. எதிராளி இருக்கிற குண்டையெல்லாம் சுட்டுத் தீர்த்ததும், "முடிஞ்சுதா?" என்று இவள் மரியாதையாகக் கேட்பாள்; ரோபோ மெதுவாக நடந்துபோய் ஒரு தள்ளு தள்ளும். தகரம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. சீரியல் பார்க்கக் காத்திருக்கும் வார்டன் அம்மா கன்னடத்தில், "சாக்கு, சாக்கும்மா!" என்று, போதும் போதுமெனக் கையெடுத்துக் கும்பிட்டால்தான் பெட்டி அணையும்.

இதிலெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது, மல்லிகா அந்தக் கூடத்துப் பக்கம் போகாமல் இருந்திருந்தால்.

மல்லிகா என் அறைத்தோழி. எனக்கு வாய்த்த ஒரே ரசிகை என்றும் சொல்லலாம். நான் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாலையில் பெரிய நாவல்களை அவளுக்கு வாய்விட்டு வாசிப்பேன். அவள் கட்டிலில் கால்நீட்டி, வேண்டிய இடத்தில் அழுவாள். நாயகி ஆற்றங்கரையில் உயிரை விட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில் நிமிர்ந்து பார்த்தேன். மல்லிகாவின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"அக்கா, ஏவுகணைய தோள்ல மாட்டுனா கை ஃப்ரீயா இருக்கும்ல?"

புத்தகத்தை மூடினேன். அடுத்த வாரம் இன்னும் பெரிய இடி விழுந்தது. தகரத்தின் அறையில் ஒரு கட்டில் காலியாகிறதாம்.

"போகலாமான்னு பாக்கறேங்க்கா."

"போயேன். நான் என்ன கையப் புடிச்சா நிறுத்தறேன்?"

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்? தகரத்து மேல எல்லாம் நான் கோவப்படறதில்ல."

மல்லிகா சிரித்துவிட்டாள். "சரி, ஞாயித்துக்கிழம அவங்களோட ஒரு ஆட்டம் ஆடுங்க. நீங்க ஜெயிச்சா நான் இங்கயேதான்."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விளையாட்டின் கையேட்டை வாங்கிவந்து, தேர்வுக்குப் படிப்பதுபோலக் கோடிட்டுப் படித்தேன். பொறாமை ஒரு மனிதரை எவ்வளவு கடுமையான படிப்பாளி ஆக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடம் நிரம்பிவிட்டது. என் ரோபோ களமிறங்கியபோது ஒரு சிறு ஆரவாரமே எழுந்தது. இரு தோளிலும் ஏவுகணை, இரு கையிலும் பீரங்கி, இடுப்பில் வாள். எடை வரம்புக்குள் இவற்றையெல்லாம் அடக்குவதற்காகக் கால்களை மட்டும் இருப்பதிலேயே மெலிந்ததாக எடுத்திருந்தேன். கொக்கின் மேல் பீரோவை ஏற்றியதுபோல இருந்தது அது.

சுட்டேன். மனதில் இருந்ததை எல்லாம் சேர்த்துச் சுட்டேன். புகை விலகியபோது தகரத்தின் ரோபோ நின்ற இடத்திலேயே நின்றது. தகரம் ஒரு கையில் டீ டம்ளரை வைத்திருந்தாள்.

"முடிஞ்சுதாக்கா?"

முடிந்திருந்தது. ஒரு குண்டுகூட மிச்சமில்லை. வாளை உருவிக்கொண்டு ஓட முயன்றேன்; மூன்றாவது எட்டில் என் ரோபோவின் முழங்கால் தானாகவே மடங்கியது. கூடம் கைகொட்டிச் சிரித்தது. தகரத்தின் ரோபோ மெல்ல நடந்துவந்தது. ஒரு தள்ளு போதும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தால், தகரம் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. உண்மையிலேயே கலங்கிப்போயிருந்தாள்.

"என்னக்கா இது, காலுக்கு ஒண்ணுமே போடல? யாராச்சும் இப்பிடி வெளிய அனுப்புவாங்களா?"

"தள்ளு. தள்ளிட்டு ஜெயிச்சுக்கோ."

"அடிபட்டு ஒக்காந்திருக்கு பாவம். அத எப்பிடித் தள்றது?"

நேரம் தீர்ந்து, சேதம் குறைந்த ரோபோ வென்றது என்று பெட்டியே அறிவித்தது. நான் தோற்றுவிட்டேன். அவளோ அதைக் கவனிக்கக்கூட இல்லை. பட்டறையைத் திறந்து என் ரோபோவுக்குக் கால் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காக என் இடது பீரங்கியை அவள் கழற்ற, நான் விடாமல் சண்டைக்குப் போக, கையேட்டிலிருந்து நான் மேற்கோள் காட்ட, அவள் அட்டைப்பெட்டி அனுபவத்தை எடுத்துவிட, சாப்பாட்டு மேசையிலும் ரசத்துக்கும் மோருக்கும் இடையில் அந்த வழக்கு நடந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த மல்லிகா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, பந்தயப்படி நான் அந்த ரூமுக்குப் போறேன். ஆனா இவங்க இங்க வந்துரட்டும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மனுஷி தூங்க முடியாது."

அப்படியாகத் தகரம் என் அறைக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய ஒரே ஒரு பீங்கான் கோப்பையை, சுற்றியிருந்த வைக்கோலிலிருந்தும் செய்தித்தாளிலிருந்தும் தோண்டி எடுக்க ஒரு மாலை ஆயிற்று. நாவல் வாசித்தால் அவள் அழமாட்டாள். "இந்தப் பொண்ணு ஏங்க்கா தனியா ஆத்துக்குப் போகுது?" என்று நாயகியைத் திட்டுவாள். எனக்கு ஒருமுறை மலேரியா வந்தபோது, என் கட்டிலைச் சுற்றி அவள் எழுப்பிய கொசுவலைக் கோட்டைக்குள் மருத்துவரால் நுழைய முடியவில்லை.

இப்போது அவள் நாக்பூரில் இருக்கிறாள். தொலைபேசியில் பேசுவோம். அங்கே பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தினமும் வந்து அவளோடு விளையாடுகிறாளாம். மிகவும் நல்ல பெண்ணாம். இருக்கட்டும். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று நான் இதுவரை கேட்டதில்லை, கேட்பதாகவும் இல்லை.