விழும் முன்னே கட்டுப்போட்டவர்

கம்பம் பள்ளத்தாக்கில் மோட்டார் சைக்கிளைக் கண்டு பயந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆசைப்பட்டவர்கள் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். ஆயிரம் பேருடைய பயத்தையும் பத்துப் பேருடைய ஆசையையும் ஒரே வேட்டியில் முடிந்துகொண்டு திரிந்தவர் ஒருத்தர்தான். அவர் எங்கள் கம்பவுண்டர். தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அவர் மனைவியே "எங்க வீட்டுக் கம்பவுண்டரு" என்றுதான் சொல்லுவார், நானும் கேட்டுவைக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. சின்னமனூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், பிரசவம் பார்க்க நான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஊர் என்னை நர்சம்மா என்றது. என்னைவிட இருபது வயது மூத்தவரான கம்பவுண்டரும் அப்படியே கூப்பிடுவார். நான் அவரை அண்ணன் என்பேன்.

அண்ணனுடைய ஜாக்கிரதை ஊர் அறிந்தது. சித்திரை வெயிலிலும் மழைக்கென்று குடை கொண்டுவருவார். மருந்து பாட்டிலைக் குலுக்கிக் குடிக்கச் சொல்லிவிட்டு, போகிறவரைத் திரும்பக் கூப்பிட்டு, "பையப் பையக் குலுக்கும். மூடி தெறிச்சுக் கண்ணுல பட்டா அதுக்கு வேற நான் மருந்து கலக்கணும்" என்பார். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. எதிரே மாடு வந்தால் இறங்குவார், மேடு வந்தால் இறங்குவார், தெரிந்தவர் வந்தால் இறங்குவார். சைக்கிளில் போனதைவிட சைக்கிளோடு நடந்ததே அதிகம்.

இப்படிப்பட்டவருடைய புத்தியைக் கலைத்தது ஒரு மீன் டப்பா.

குமுளிக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை, ஒருநாள் உள்ளங்கையில் ரத்தம் சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரி வாசலில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அண்ணன் பஞ்சை நனைத்துக்கொண்டே, "எங்கன விழுந்தீக துரை?" என்று கேட்டார்.

"விழலே. வண்டி நல்லது. மீன் டப்பா கெட்டது" என்றார் துரை. பங்களாவில் உட்கார்ந்து மீன் டப்பாவைத் திறக்கும்போது தகரம் கிழித்துவிட்டதாம். கட்டுப் போட்டுக்கொண்டு, அந்தக் கையாலேயே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம்வரை அண்ணன் அந்த வண்டி போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"நர்சம்மா, அம்புட்டு மலையும் இறங்கி வந்த மனுசனுக்கு ஒண்ணும் ஆகல. வீட்டுக்குள்ள உக்காந்து டப்பாவத் தொறந்தவருக்குக் கை கிழிஞ்சிருச்சு. யோசிச்சீகளா?"

"இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு?"

"இருக்கு" என்றார்.

மறுநாளிலிருந்து விசாரணை தொடங்கியது. எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு வலிக்கு மருந்து பிறகுதான், முதலில் கேள்வி. "எதுல இருந்து விழுந்தீரு?" ஒருவர் தென்னையிலிருந்து. ஒருவர் மாட்டுவண்டியிலிருந்து. முல்லையாற்றுப் படித்துறையில் வழுக்கியவர்கள் நாலைந்து பேர். ஒரு மாப்பிள்ளை மாமனார் வீட்டுக் கட்டிலிலிருந்து விழுந்திருந்தார். அண்ணன் அவரிடம் மட்டும் மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"இந்த ஆஸ்பத்திரிக்கு இதுவரைக்கும் ஒருத்தராச்சும் மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்து வந்திருக்காகளா? இல்ல. அப்ப எது பத்திரம்?"

"ஊர்ல மோட்டார் சைக்கிள் இருந்தாத்தானேண்ணே விழுறதுக்கு?"

"அந்தப் பேச்சே வேணாம்" என்று எழுந்து போய்விட்டார்.

துரை சீமைக்குத் திரும்பும் சமயம் பார்த்து அந்த வண்டியை வாங்கியும் விட்டார். தோட்டத்து டிரைவர் ஒருவர் கொண்டுவந்து வீட்டு மாட்டுக்கொட்டத்தில் நிறுத்திவிட்டுப் போனார். அன்று முதல் பசு பால் சுரக்க மறுத்தது. அவர் மனைவி தெருவில் நின்று, "ஊருல அவனவன் வீட்டுக்கு லச்சுமியக் கூட்டியாரான். எங்க வீட்டுக் கம்பவுண்டரு எமனோட எருமையைக் கூட்டியாந்து கெட்டி வச்சிருக்காக!" என்று முறையிட்டார். அண்ணனோ தினமும் காலையில் வண்டியைத் துடைத்து, ஸ்டாண்டில் நின்ற நிலையிலேயே ஏறி உட்கார்ந்து, அரைமணி நேரம் எங்கேயும் போகாமல் ஓட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவார்.

"இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு எதுக்குண்ணே அது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் மருந்தை அளந்துகொண்டிருந்தார். "இருவத்தஞ்சு வருசமா இந்த ரூமுக்குள்ள ஸ்பிரிட்டு வாசனைதான் மோந்துக்கிட்டு இருக்கேன். அந்தத் துரை வந்து இறங்குனாருல்ல, அவரு சட்டையில காத்து வாசம் அடிச்சுச்சு நர்சம்மா."

ஓட்டியே தீருவது என்று முடிவான நாளில், முழங்கை, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் அவரே கட்டுப் போட்டுக்கொண்டார். தலைப்பாகைக்குள் பஞ்சு. "எப்படியும் விழுந்தபெறகு போடப் போறது. வலியில்லாதப்பவே போட்டுக்கிட்டா நல்லதுல்ல?" இந்தக் கோலத்தில் அவர் வாசலுக்கு வந்ததும், ஏற்கெனவே விழுந்துவிட்டார் என்று ஊரில் பரவிவிட்டது. சாத்துக்குடியும் கையுமாக ஜனங்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். வண்டி கொட்டத்தைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. அண்ணன் ஒவ்வொருவரிடமும், "இனிமேத்தான், இனிமேத்தான்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்.

ஒருவழியாக ஓட்டவும் செய்தார். முதல் கியர்தான். பஜாரில் அவரை முந்திப்போன ஒரு மாட்டுவண்டிக்காரர், "கம்பவுண்டரய்யா, பின்னாடி கயிறு கெட்டி இழுத்துட்டுப் போகவா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு அண்ணன் கைகூப்பாமல் போய்விட்டார். "மோட்டார் வந்ததும் கம்பவுண்டருக்குத் தலைக்கனம் வந்திருச்சு" என்று பேச்சு. கையை எடுத்தால் விழுவார், எடுக்காவிட்டால் பகை. அவர் கண்டுபிடித்த வழி: பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓரத்தில் எது அசைந்தாலும் "வணக்கமுங்க!" என்று சத்தமாகச் சொல்லிவிடுவது. அதன்பின் சின்னமனூர்க் கழுதைகள் அத்தனைக்கும் மரியாதை கூடிப்போயிற்று.

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் உச்சிப்பொழுதில் பொட்டிப்புரத்திலிருந்து சோலை என்கிற விவசாயச் சம்சாரி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் விழாத குறையாக இறங்கினார். "அம்மா, எம் பொண்டாட்டிக்கு நேத்துல இருந்து வலி. புள்ளைக்குக் காலு மொதல்ல வந்திருச்சு. ஊர்ல பிரசவம் பாக்குற ஆத்தா கைய விரிச்சிட்டாக."

டாக்டர் மதுரைக்குப் போயிருந்தார். பஸ் அந்தப் பக்கம் கிடையாது. மாட்டுவண்டி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான் பையை எடுத்துக்கொண்டு அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம் நர்சம்மா. நான் விழுந்தா என்னோட போச்சு. உங்கள வச்சுக்கிட்டு விழுந்தா அங்கன ரெண்டு உசுருக்கும் ஆள் இல்லாமப் போயிரும்."

"போகாட்டியும் ஆள் இல்லண்ணே."

அவர் நின்றார். சத்தம் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த தங்கள் வீட்டிலிருந்து வந்த அவர் மனைவி விஷயத்தைக் காதில் வாங்கினார். எமனுடைய எருமையைப் பற்றி இனி என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பகீரென்றது. அவரோ வீட்டுக்குள் போய் ஒரு தலையணையும் பழைய சேலையும் கொண்டுவந்தார். தலையணையைப் புருஷன் முதுகில் வைத்து, சேலையால் சுற்றி இறுக்கிக் கட்டினார். அது என் முகம் அடிபடாமல் இருப்பதற்கா, ஊர் வாயை அடைப்பதற்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அங்கன ஒருத்தி செத்துக்கிட்டு இருக்கா. இங்கன நின்னு என்ன யோசனை? ஏறுங்க!" என்றார். அண்ணன் பஞ்சு வைத்த தலைப்பாகையை மாட்டிக்கொண்டு ஏறினார்.

சோலை சைக்கிளில் பின்னால் வர, நாங்கள் கிளம்பினோம். பின்பலகையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பையும் ஒரு கையில் தலையணையுமாக நான். சோலை எங்களை முந்திவிட்டார்.

"அண்ணே, வெரசாப் போங்க!"

"இதுதான் வெரசு!"

பாதியில் ஒரு ஓடை. தண்ணீர் இல்லை, மணல். முன்சக்கரம் புதைந்தது. வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்தது. நான் பையை அணைத்தபடி மணலில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் முதுகில் தலையணையோடு மல்லாந்து, மெத்தையில் படுத்தவர்போல வானத்தைப் பார்த்துக் கிடந்தார்.

"நர்சம்மா... விழுந்துட்டமா?"

"விழுந்துட்டோம்ணே."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான். எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு?"

கையை ஆட்டிப் பார்த்தார். காலை ஆட்டிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அட! இம்புட்டுத்தானா!"

எழுந்து வண்டியை நிமிர்த்தினார். அதன்பிறகு அந்த மனிதர் ஓட்டியதை நான் என்னவென்று சொல்ல! இரண்டாவது கியர், மூன்றாவது கியர். சோலையை ஒரு புழுதி மேகத்துக்குள் விட்டுவிட்டுப் பறந்தோம். என் கொண்டை அவிழ்ந்து பறந்தது. நான் வாய்விட்டு ஜெபம் சொன்னேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மேற்கு மலைக் காற்று முகத்தில் அடித்தபோது, போகிற காரியத்தை ஒரு நொடி மறந்து, எனக்குச் சிரிப்பு வந்தது.

பொட்டிப்புரத்தில் அந்தப் பெண் கண்ணை மூடிக் கிடந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். வெளியே வண்டி நிற்காமல் படபடத்துக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ, அவசரத்துக்கு வேண்டியிருக்குமே என்று அண்ணன் அணைக்கவே இல்லை. இரண்டு வலிக்கு நடுவில் அந்தப் பெண் கேட்டாள்: "அது என்னக்கா சத்தம்?"

"எங்க கம்பவுண்டரு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காக ஆத்தா. முக்கு."

பிள்ளை பிறந்தது. நீலமாக இருந்தது, அழவில்லை. வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், ஊதினேன். எத்தனை நேரம் என்று தெரியாது. பெட்ரோல் தீர்ந்து வெளியே படபடப்பு அடங்கியது. அந்த அமைதியில் பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு குரல் வந்தது. அடுத்த மூச்சில் அது வீட்டுக் கூரையையே தூக்கியது.

"நர்சம்மா, பெட்ரோலு..." என்று வாசலில் தொடங்கிய அண்ணன் நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் வந்துசேர்ந்த சோலை கும்பிட்டுக்கொண்டு முன்னே வந்தபோது, அண்ணன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். பஞ்செல்லாம் தரையில் உதிர்ந்தது.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளை மாட்டுவண்டியில் ஏற்றி, அதன் இருபக்கமும் நாங்கள் உட்கார்ந்து வந்தோம். அதன்பின் மூன்று வருஷம், பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் அந்தத் தலையணையோடு போனோம். இன்னும் ஐந்தாறு தடவை விழவும் விழுந்தோம். யுத்தம் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும், வண்டி மறுபடி பசுவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. அதற்குள் பசுவும் பழகிவிட்டிருந்தது.

எனக்குப் பெரியகுளத்தில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, அண்ணனும் அவர் மனைவியும் வழியனுப்ப வந்தார்கள். அண்ணன் பஸ் புறப்படும் நேரத்தில் முன்பக்கம் போய், டிரைவரிடம் ஜன்னல் வழியாக, "உள்ள எங்க நர்சம்மா இருக்காக. பையப் போங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.