பத்துக்கு இரண்டு போட்ட இரங்கல் சார்

பெரம்பலூர்ப் பக்கம் சாகப் பயந்தவர்களைவிட, செத்தவர்களுக்கு இரங்கல் எழுதப் பயந்தவர்கள்தான் அதிகம். எல்லாம் எங்கள் இரங்கல் சாரால் வந்த வினை.

கல்லூரியில் அவரும் நானும் ஒரே துறை. பேச்சும் எழுத்தும் மனிதரை எப்படித் தொடுகின்றன, அவை போனுக்குள் போனபிறகு என்ன ஆயின என்று பாடம் நடத்துவோம். அவருடைய ஆராய்ச்சி வாட்ஸப் இரங்கல் செய்திகள். யார் இறந்தாலும் மனுஷன் நோட்டும் கையுமாகக் கிளம்பிவிடுவார்.

"ஆழ்ந்த இரங்கல்னு எழுதியிருக்கியேம்மா, எவ்ளோ ஆழம்? நம்மூரு போர்வெல் அளவுக்கா?" என்று வகுப்பில் ஒரு மாணவியைக் கேட்டார்.

தினமும் அரும்பாவூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒருநாள் கண்டக்டர், ஒரு சாவுச் செய்திக்குக் கைகூப்பும் படம் ஒன்றைத் தட்டிவிட்டதைச் சார் பார்த்துவிட்டார். "ஏறுறவங்கள்ட்ட எந்த ஊருன்னு கேட்டுத்தான டிக்கெட் குடுக்குறீங்க? செத்தவரு பேரு என்னன்னு கேக்க மாட்டீங்களா?" மறுநாளிலிருந்து சார் ஏறினாலே கண்டக்டர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆபீஸ் சூப்பிரண்டெண்ட்டின் அப்பா இறந்தபோது பிரின்சிபால் கல்லூரி குரூப்பில் "ஆர்.ஐ.பி." என்று போட்டார். அதற்குக் கீழேயே சார் எழுதினார்: "இறந்தவர் பெயர் இல்லை. அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. பத்துக்கு இரண்டு." பிரின்சிபால் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். "அந்த ரெண்டே உங்க பதவிக்குப் போட்டதுங்க சார்" என்றாராம்.

போன கோடை விடுமுறையில் அவர் மனைவி மாரடைப்பில் இறந்துபோனார். நாங்கள் எல்லோரும் அவரவர் சொந்த ஊரில் இருந்தோம். செய்தி வந்தபோது தகனமே முடிந்திருந்தது.

இரங்கலாவது எழுத வேண்டும். எழுத்தைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற ஆறு பேரில் ஒருவருக்கும் கை வரவில்லை. துறைத்தலைவர் எனக்குப் போன் செய்தார். "மேடம், நீங்க மொதல்ல போட்டுடுங்க. நான் கீழ போட்டுடறேன்."

எழுதினேன், அழித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அக்காவை நினைத்து நான் எழுதவில்லை. சார் போடப்போகும் மார்க்கை நினைத்துத்தான் எழுதினேன். மூன்று நாள் குரூப்பில் ஒரு வரிகூட இல்லை.

நான்காம் நாள் மனசு கேட்காமல் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் போன்.

"வாம்மா" என்றார். போனைத் திருப்பி எங்கள் குரூப்பைக் காட்டினார். பிறகு, "மூணு நாளா இதையே பாத்துக்கிட்டு இருக்கேன். யாராச்சும் ஒருத்தர், ஒரு ஆர்.ஐ.பி.யாவது போட்டிருக்கலாமேம்மா" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பயந்துட்டோம் சார்" என்றேன். அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னேன். "அக்கா குடுத்தனுப்புற எலுமிச்ச சாதத்துல பாதி நான்தான் சாப்புடுவேன்."

"தெரியும். உனக்குன்னுதான் கூடுதலா வெப்பா" என்றார். சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சமைத்து எடுத்துக்கொண்டு அரும்பாவூர் பஸ் ஏறிவிடுகிறேன். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருப்பேன்.