தாய்மாமன் சீராக வந்த துப்பாக்கி

தோப்பில் திருடன் வருவான் என்று கைத்துப்பாக்கி வாங்கிய மனிதர், அதை இடுப்பில் கட்டிக்கொண்டு முடிவெட்டப் போனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிழவியாகியும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

அவர் என் தாய்மாமன் சவரிமுத்து. செம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தார். லைசென்ஸ் கொடுத்தது தோப்புக் காவலுக்கு. மாமாவோ பஸ்ஸில், சந்தையில், துக்க வீட்டில்கூட அதோடுதான் நிற்பார். கேட்டால், நல்லவன் கையில் இருந்தால் கெட்டவன் நெருங்க மாட்டான் என்பார். (கத்தரிக்காய் விற்கிற பொம்பளை அவர் இடுப்பைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசாமல் கொடுத்தாள். அவள்தான் கெட்டவளா?)

நான் அப்போதுதான் திண்டுக்கல்லில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். உலகத்து அநியாயத்தையெல்லாம் சத்தம் போட்டே திருத்திவிடலாம் என்று நம்பிய வயசு. கையில் பிரம்போ சாக்பீஸோ, எது இருந்தாலும் அதை ஆட்டி ஆட்டித்தான் பேசுவேன். மாப்பிள்ளை இன்னாசி அகரத்துக்காரர். வாயாடிப் பெண் வேண்டாம் என்று அவர் அம்மாவுக்கு ஏற்கெனவே அரைமனசு. தாலி ஏறும்வரை வாயைத் திறக்காதே என்று அப்பா கெஞ்சினார். இன்னாசியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒத்துக்கொண்டேன்.

தாய்மாமன்தான் கல்யாணப் பெண்ணை மாதா கோயிலுக்குள் அழைத்துப் போக வேண்டும். மாமா வேட்டிமேல் பெல்ட், பெல்ட்டில் துப்பாக்கி என்று கம்பீரமாக வந்தார். பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டாரோ இல்லையோ, அது உறையிலிருந்து நழுவித் தரையில் வழுக்கி, என் காலடியில் வந்து நின்றது.

சாமியார் பூசையை நிறுத்தினார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, துப்பாக்கி உள்ளே இருந்தால் நாங்கள் வெளியே போகிறோம் என்றார். மாமா வெட்கப்பட்டு எடுத்துக்கொண்டு போவாரென்று பார்த்தால், வாதாட ஆரம்பித்தார்.

“லைசென்ஸ் இருக்கு சாமி. கெட்டவன் நாலு பேரு நுழைஞ்சா இம்புட்டுச் சனத்துக்கு யாரு காவல்?”

அதுவும் நியாயந்தானே என்று பின்னாலிருந்து ரெண்டு பேர் முனகினார்கள். மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேடக் கிளம்பினார்கள். என் வாழ்க்கை போகிறது, இவர்களுக்குப் பட்டிமன்றமா! குனிந்து அந்தச் சனியனை எடுத்தேன்.

“கெட்டவன் எவனும் வரலை மாமா. இந்தக் கோயில்ல சனம் பயப்படுறதே இதைப் பாத்துத்தான். தோப்புக்கு வாங்கினதை இங்க எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?”

பேசப் பேசக் கை தன்பாட்டுக்கு ஆடியது. ‘கெட்டவன்’ என்றபோது ஆண்கள் பக்கம், ‘சனம்’ என்றபோது பெண்கள் பக்கம். மாமாவின் முகம் வெளுத்தது.

“ஆட்டாத தாயி,” என்றார் மெதுவாக. “உள்ள தோட்டா இருக்கு.”

மொத்தக் கோயிலும் தரையில் படுத்தது. மாமியார் பெஞ்சுக்கு அடியில். சாமியாரைக் காணோம். எனக்கோ அதைக் கீழே வைக்கவும் பயம். என்ன செய்வதென்று கேட்க இன்னாசி பக்கம் திரும்பினேன். துப்பாக்கியும் என்னோடு திரும்பியது.

சம்மதமா என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“எனக்குச் சம்மதம் சாமி.”

பெஞ்சுக்கு அடியிலிருந்து முதலில் சிரித்தது மாமியார்தான். அப்புறம் ஊரே சிரித்தது. என் அப்பா துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினார். திரும்பி வந்த சாமியார், கட்டாயம் எதுவும் இல்லையே என்று இன்னாசியிடம் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் தாலியைத் தொடவிட்டார்.

என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மாமா திருந்தவே இல்லை. நல்லவ கையில் இருந்ததால் ஒரு கல்யாணமே நடந்ததே என்று என்னையே சாட்சிக்கு இழுத்துச் சாகும்வரை வாதாடினார். துப்பாக்கி அவருடையது, கெட்ட பேர் எனக்கு. பேரப்பிள்ளைகளுக்கு நான் துப்பாக்கி காட்டிக் கல்யாணம் முடித்த பாட்டி.

இப்போதும் அடுப்படியில் கோபம் வந்து கரண்டியோடு திரும்பினால், வாசற்படியில் இன்னாசி ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

“சம்மதம் சாமி.”